பழனி மலையில் பெயரில்லாத கல்வீடுகள்

கொடைக்கானல் போகிறவர்கள் என்ன பார்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை, திரும்பும்போது ஒரு பாக்கெட் சாக்லேட். அந்த மலையில் மிகப் பழமையானது எது என்று கேட்டால் பெரும்பாலும் 1845 என்றுதான் பதில் வரும். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரியார்கள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மேலே ஏறி வந்து பங்களா கட்டிய வருடம் அது. எல்லோரும் படகு விடும் ஏரி அதைவிடவும் புதுசு. 1863இல் லெவிஞ் துரை அணை போட்டு உருவாக்கியது. வழிகாட்டிப் புத்தகங்களும் இங்கிருந்துதான் கொடைக்கானலின் வரலாற்றை ஆரம்பிக்கின்றன.

ஆனால் அந்த பங்களாக்களுக்குக் குறைந்தது இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே இதே மலையில் கல்லால் வீடு கட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். தாங்கள் வசிப்பதற்கு அல்ல... இறந்து போனவர்களுக்காக!

தொல்லியலில் இவற்றுக்குக் கல்திட்டை என்று பெயர். மூன்று அல்லது நான்கு பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகைக்கல்லைக் கூரையாக வைத்தால் கல்திட்டை. இதையே மண்ணுக்குள் பெட்டி மாதிரி அமைத்தால் கல்பதுக்கை. சிலவற்றில் ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். அது இடுதுளை. இவற்றைத் தவிர, சுற்றிலும் உருண்டைக் கற்களை அடுக்கிய கல்வட்டமும், குழந்தை வயிற்றில் இருப்பது போல உடலை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழியும் தமிழ்நாடு முழுக்க உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்கிறார்கள்.

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிய கை மாதிரி இருக்கிறது. அதில் இரண்டு அடுக்கு. கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை எல்லாம் ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் மேல்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் கீழ்மலை. இங்கே காப்பி, மிளகு, மலை வாழை. கல்திட்டைகள் அதிகமாகக் கிடைப்பது இந்தக் கீழ்மலையில்தான். சுற்றுலா பஸ் நிற்காத பகுதி என்பதால் பலருக்கும் அது தெரியாமலே போய்விட்டது.

எப்படிக் கட்டினார்கள்?

கல்திட்டைகள் இருக்கும் இடத்தைக் கவனித்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். பெரும்பாலும் மண் இல்லாத மொட்டைப் பாறைச் சரிவு. ஏன் அங்கே போய்க் கட்ட வேண்டும்? முதல் காரணம், கல் அங்கேயே இருக்கிறது. இந்த மலைப் பாறைகள் வெயிலிலும் பனியிலும் மாறி மாறிக் காய்ந்து வெங்காயத்தோல் உரிவது போல மேல்பக்கமாகத் தகடு தகடாகப் பிளக்கும். பிளவு விட்ட இடத்தில் விறகைப் போட்டு எரித்துச் சூடாக்கித் தண்ணீரை ஊற்றினால் தகடு தனியாக வந்துவிடும். உளியின் வேலை கொஞ்சம்தான். இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது. பாறையில் குழி தோண்ட முடியாது! தோண்ட முடியாத இடத்தில் தரைக்கு மேலே கட்டினார்கள். விளையக்கூடிய மண் வீணாகவில்லை என்பது கூடுதல் லாபம்.

கூரைப் பலகையை மேலே ஏற்றுவதுதான் கஷ்டம். ஒரு டன்னுக்கு மேல் எடை வரும் பலகைகள் சாதாரணம். கிரேன் கிடையாது. மண்ணையும் கல்லையும் கொட்டிச் சாய்தளம் அமைத்து, கீழே உருளை மரங்களைக் கொடுத்து, நெம்புகோல் போட்டுத் தள்ளியிருக்க வேண்டும். ஒரு குடும்பத்தால் நடக்கிற காரியம் இல்லை. ஊரே கூடி இழுத்திருக்கும். அதனால் எல்லா இறப்புக்கும் கல்திட்டை கட்டியிருப்பார்கள் என்று நினைக்க இடமில்லை. யாரோ சிலருக்குத்தான் இந்த மரியாதை கிடைத்திருக்கும்.

இன்னொரு விஷயம். பல ஈமச்சின்னங்களில் முழு எலும்புக்கூடு இருப்பதில்லை. உடலை முதலில் வேறு இடத்தில் வைத்து, பிறகு மிஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி வந்து இங்கே வைத்திருக்கிறார்கள். கூடவே கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கத்தி, மணிகள். இறந்தவர்களை எரிப்பது, வெளியில் இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, கல்லறைக்குள் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று பல முறைகள் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் நடந்ததை மணிமேகலை சொல்கிறது. காவியம் எழுதப்பட்ட காலத்திலும் இந்தப் பழக்கம் நினைவில் இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே போதும்.

இரண்டு பாதிரியார்களின் நோட்டுப் புத்தகம்

இந்தக் கற்களை முதலில் வரிசையாகப் பதிவு செய்தவர்கள் செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்கள். கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் 1895இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி பாதிரியார்களுக்குப் பயிற்சி தரும் இடம். அங்கே இருந்தவர்கள் ஓய்வு நேரத்தில் செடி, பூச்சி, பாம்பு, பறவை என்று மலையையே சேகரித்தார்கள். இன்றும் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளைப் பார்க்கத்தான் கூட்டம். அதே கட்டடத்தில் கல்லறைகளில் கிடைத்த பழம்பொருட்களும் இருப்பதைக் கவனிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆங்லாட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் காட்டுக்குள் நடந்து நடந்து கல்திட்டைகளைத் தேடினார்கள். அளந்தார்கள், வரைந்தார்கள், எந்தக் குன்றில் எத்தனை என்று குறித்தார்கள். அந்தக் குறிப்புகளை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை தன் ஆய்வேட்டு வரிசையில் 36ஆவது நூலாக வெளியிட்டது. ‘புல்னி மலைகளின் கல்திட்டைகள்’ என்பது ஆங்கிலத் தலைப்பின் பொருள். (பழனியை வெள்ளைக்காரர்கள் புல்னி ஆக்கியிருந்தார்கள்.) இருவரும் தொழில்முறை ஆய்வாளர்கள் இல்லை. ஆனாலும் பழனி மலைக் கல்திட்டை பற்றி எழுதுகிற எவரும் இன்று வரை அந்த நூலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு பெருமையும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. பெருமை அவர்களுடையது. சங்கடம் நம்முடையது!

இதே காலத்தில் கம்போடியாவில் நடந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கோர் வாட் உலகத்துக்கே தெரியும். ஆனால் கெமர் அரசர்கள் காலத்துக் கோயில்கள் அங்கோரோடு முடிந்துவிடவில்லை. வயல் நடுவில் நாலு செம்புறைக்கல், ஒரு உடைந்த நிலைப்படி என்று நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. லூனே தெ லஜோன்கியேர் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஊர் ஊராகப் போய் அவற்றுக்கு எண் போட்டார். 1902 முதல் 1911 வரை மூன்று தொகுதிகளாக வந்த அவருடைய பட்டியலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. இன்றும் பல சின்னக் கோயில்களை ஆய்வாளர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள்.

ஆனால் பட்டியலில் இருந்தால் மட்டும் ஒரு கல் பிழைத்துவிடாது. தாய்லாந்து எல்லைப் பக்கம் இருக்கும் பந்தே ச்மார் என்ற பெரிய கோயிலின் சிற்பச் சுவரில் ஒரு பகுதியை 1998-99இல் பெயர்த்து லாரியில் ஏற்றிக் கடத்தினார்கள். 117 கற்கள் தாய்லாந்தில் பிடிபட்டன. பிடிபட்டவை கம்போடியாவுடையவை என்று நிரூபிக்கப் படமும் பதிவும் இருந்ததால் அவை திரும்பி வந்தன. பதிவு திருட்டைத் தடுக்கவில்லை. ஆனால் எது திருடு போனது என்று சொல்ல முடிந்தது.

கெமர் கோயில்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கல்வெட்டு. எந்த அரசன், எந்தக் கடவுள், எத்தனை பேரைக் கோயிலுக்குக் கொடுத்தான் என்று கல்லே பேசும். பழனி மலைக் கல்திட்டைகளில் ஒரு எழுத்தும் கிடையாது. சாமியும் கிடையாது. தாண்டிக்குடியில் முருகனுக்குக் கோயில் இருக்கிறது. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால்தான் ஊருக்கு அந்தப் பெயர் என்று கதை இருக்கிறது. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் இருக்கிறார், போகரின் பெயரோடு. அந்தக் கோயில்களின் ஒரு கல்லை யாராவது நகர்த்தினால் ஊரே திரண்டு வரும். கல்திட்டைக்காக யார் வருவார்கள்?

யாருடைய வீடு?

தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு பதில் இருக்கிறது. பாண்டவர் வனவாசத்தில் தங்கிய வீடு என்பார்கள். குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்பார்கள், கூரை தாழ்வாக இருக்கிறது அல்லவா! கிருஷ்ணகிரி பக்கம் மோரியர் வீடு, வாலியர் வீடு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் முனியறை, அதாவது முனிவர்களின் அறை. எந்தக் கதையும் ‘எங்கள் தாத்தாவுக்குத் தாத்தாவைப் புதைத்த இடம்’ என்று சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழனி மலையின் முக்கிய விவசாயச் சமூகமான குன்னுவர் சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. வந்தவர்களுக்கு முன்னால் கற்கள் ஏற்கெனவே காலியாக நின்றிருக்கும். விளக்கம் தெரியாத பொருளுக்கு மகாபாரதத்தில் இருந்து ஒரு விளக்கம் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம்.

படித்தவர்களுக்கு வேறு ஒரு ஆசை வரும். சங்க இலக்கியத்தில் இந்த மலைக்குக் கோடைமலை என்று பெயர். அதன் தலைவன் கடிய நெடுவேட்டுவன். பரிசு தரத் தாமதித்ததால் புலவர் பெருந்தலைச் சாத்தனார் அவனிடம் கோபித்துக்கொண்ட பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பழனியான பொதினியில் ஆவியர் குடி. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் அந்தக் குடிதான். இந்தப் பெயர்களைக் கொண்டு வந்து கல்திட்டைமேல் ஒட்டிவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குச் சான்று வேண்டும். பெயர் எழுதாத கல்லறைக்குப் பெயர் வைப்பதும், பாண்டவர் வீடு என்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சான்று மண்ணுக்குள் இருந்துதான் வர முடியும். 2000களில் பேராசிரியர் க.ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார்கள். மட்கலங்கள், இரும்புப் பொருட்கள், சூதுபவள மணிகள் போன்றவை ஈமக்குழிகளில் கிடைத்தன. சூதுபவளம் இந்த மலையில் விளையும் பொருள் இல்லை. ஆகவே மேலே இருந்தவர்கள் வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாத காட்டுவாசிகள் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

இதைவிடப் பெரிய செய்தி மலையடிவாரத்தில் கிடைத்தது. பழனிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருந்தலில் 2009, 2010இல் ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. ஒரு கல்லறையில் ஆயிரக்கணக்கான மணிகள். நான்கு கால் கொண்ட ஒரு ஜாடிக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல். பானையைத் தாங்கும் பிரிமனை ஒன்றில் தமிழ் பிராமியில் ‘வய்ர’ என்ற எழுத்துகள். நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று காலம் வந்தது. இன்னொரு கல்லறை நெல்லுக்குக் கி.மு. 450.

நெல் இருந்ததால்தான் இது முடிந்தது. கரிமக் கணக்கு உயிருள்ளவற்றில் இருந்து வந்த பொருளுக்கு மட்டும்தான் வேலை செய்யும். கருங்கல் பலகையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் பாறை பிறந்த காலம்தான் தெரியும், வீடு கட்டிய காலம் தெரியாது. பழனி மலைக் கல்திட்டைகள் 5000 வருடம் பழமையானவை என்று செய்திகளில் அடிக்கடி வருகிறது. பெரிய எண்ணாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு பலம் கிடையாது. உள்ளே இருந்த எலும்பும் கரியும் தானியமும் போன பிறகு, கல்திட்டையின் வயதைக் கல்திட்டையிடமே கேட்க முடியாது.

அவை எங்கே போயின? புதையல் தேடுகிறவர்கள் கைவரிசை. கல்லறைக்குள் தங்கம் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அழிவே இல்லை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. சொல்கிறவர்தான் இல்லை. தங்கம் தேடி உடைத்தவனுக்குக் கிடைப்பது பானை ஓடு. அதையும் எறிந்துவிட்டுப் போவான். அந்த ஓட்டோடு ஒட்டியிருந்த நாலு நெல்மணிதான் நமக்குக் கி.மு. 490ஐக் கொடுத்திருக்கும்.

புதையல்காரர்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. தோட்டத்து வேலி, பாலம், களம், வீட்டுப் படி என்று எல்லாவற்றுக்கும் பலகைக்கல் வேண்டும். உடைத்து, செதுக்கி, தயாராக நிற்கும் கல்லைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். பல கல்திட்டைகள் பட்டா நிலத்துக்குள் இருக்கின்றன. நிலத்தின் சொந்தக்காரருக்கு அது பாண்டவர் வீடுகூட இல்லை, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கல். மத்திய அரசின் 1958ஆம் வருடச் சட்டமும் தமிழக அரசின் 1966ஆம் வருடச் சட்டமும் ‘பாதுகாக்கப்பட்டது’ என்று அறிவித்த சின்னங்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். 2010 திருத்தத்தின்படி மத்தியப் பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கூடாது. பட்டியலுக்கு வெளியே இருக்கும் கல்லைச் சுற்றி ரிசார்ட் கட்டலாம், கல்லின் மேலேயே கட்டலாம்!

அதனால்தான் ஆங்லாட், நியூட்டன் மாதிரி மறுபடியும் ஒரு முறை நடக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் காட்டிய குன்றுகளில் இப்போது எத்தனை நிற்கின்றன, எத்தனை விழுந்துவிட்டன, எத்தனை காணவில்லை என்று குன்று குன்றாக எண்ண வேண்டும். அவர்களுக்கு நோட்டும் பென்சிலும் அளவு நாடாவும்தான். இன்று கல்லூரி மாணவர் கையில் இருக்கும் செல்போனே இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும், நாலு பக்கமும் படம் எடுக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. இடக் குறிப்பைத் தொல்லியல் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுப்பது வேறு, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுவது வேறு. இரண்டாவது, புதையல்காரனுக்கு வழி சொல்வது போல ஆகிவிடும்.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தாண்டிக்குடி வழி சுலபம். வத்தலக்குண்டில் இருந்து பஸ் உண்டு. தோட்டத்துக்குள் நுழையும் முன் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். காட்டுமாடு நடமாடும் இடங்கள் என்பதால் உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வருவது நல்லது. படம் எடுக்கச் சாக்பீஸால் கோடு போடுவது, கூரைமேல் ஏறி நிற்பது இரண்டும் வேண்டாம்.

மேற்கே போகிற வழி

பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாண்டிக்குடியோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் மலை அங்கே முடியவில்லை. கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் ஆட்டுப் பண்ணை, கவுஞ்சி, பூண்டி என்று நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து வளைந்து போனால் கடைசியில் கிளாவரை. படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும். (2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் பக்கத்து ஊர்களின் சரக்குதான்.) தார் ரோடு தமிழ்நாட்டில் இங்கே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஒற்றையடிப் பாதை.

இந்தப் பாதை எல்லையைத் தாண்டிக் கேரளத்தின் கோவிலூர், வட்டவடைக்குப் போகிறது. அங்கேயும் தமிழ் பேசும் விவசாயிகள், அதே படிக்கட்டு வயல், அதே பூண்டு. இன்றைய மாநிலங்கள் 1956இல் வந்தன, பாதை அதற்கு முன்னாலேயே இருந்தது. கல்யாணத்துக்கும் சந்தைக்கும் இரண்டு பக்கமும் நடந்தவர்கள் உண்டு. இப்போது அந்தக் காடு இரண்டு மாநிலங்களிலும் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் நடக்கக் கூடாது.

கோவிலூருக்கு அப்பால் காந்தலூர் வழியாக இறங்கினால் அஞ்சுநாடு. அதில் மறையூர். கீழ்மலை மாதிரியே சுமார் ஆயிரம் மீட்டர் உயரம், அதே மாதிரி மொட்டைப் பாறைகள். அந்தப் பாறைகளின் மேல் வரிசையாக முனியறைகள் நிற்கின்றன! கிழக்கே தாண்டிக்குடி, மேற்கே மறையூர், நடுவில் குளிர் மிகுந்த மேல்மலை. வரைபடத்தில் பார்த்தால் இரண்டு பக்கமும் கல்வீடுகள், நடுவில் கிளாவரைப் பாதை. மாநிலத்துக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து எழுதியதால் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் மறையூர் இருக்காது, கேரளத்துப் புத்தகத்தில் தாண்டிக்குடி இருக்காது. கட்டினவர்களுக்கு இரண்டும் ஒரே மலையின் இரண்டு சரிவுகள்தான்.

மறையூரில் முனியறைகளைத் தேடிக் காட்டுக்குள் அலைய வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயே அரசுப் பள்ளியை ஒட்டிய பாறைச் சரிவில் சில நிற்கின்றன. சிலவற்றுக்குக் கூரை இருக்கிறது, சிலவற்றில் பக்கப் பலகை மட்டும் சாய்ந்து கிடக்கிறது. மணி அடித்ததும் பள்ளிப் பிள்ளைகள் அவற்றுக்குப் பக்கத்திலேயே வீட்டுக்குப் போகிறார்கள்.